சந்திரவல்லி நிறுத்திய ஜீப்பு

சந்திரவல்லிக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. போடியில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஒரே ஜீப்பில் மலையேறி ஒரே தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிறவள் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு. அப்படிப்பட்ட வாய்க்காரி தன் வயிற்றைப் பற்றி மட்டும் மாதக்கணக்கில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடிக்கடி வெளிக்குப் போயிருக்கிறது. ரத்தமும் போயிருக்கிறது. மூலச்சூடு என்று அவளாகவே முடிவு கட்டி, மோரைக் குடித்துக் கருணைக்கிழங்கைத் தின்றிருக்கிறாள். எங்கள் பக்கம் ரத்தம் என்றால் மூலம்தான், அதற்கு மேல் யோசிக்க மாட்டோம். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் தேனிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் அழற்சி, உள்ளே புண்ணாகிக் கிடக்கிறது என்றார் டாக்டரம்மா. அடியோடு போகாது, ஆனால் மாத்திரையை விடாமல் போட்டால் அடக்கி வைக்கலாம்.

"ஆயுசுக்குமா?" என்று கேட்டாளாம்.

"சக்கரைக்குப் போடுறாங்கல்ல, அது மாதிரிதாம்மா."

அன்று சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். நோய் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, ஜீப்பை நினைத்துத்தான் அழுதாள். விடியுமுன் கிளம்பும் அந்த வண்டி அடிவாரத்து முந்தலைத் தாண்டினால் மலைமேல் போடிமெட்டு வரைக்கும் எங்கும் நிற்காது. வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்துகொண்டு போவோம். வழியில் அவசரம் வந்துவிடக் கூடாது என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறுவது எங்கள் வழக்கம். தோட்டத்துக்குப் போய்த்தான் தூக்குச்சட்டியைத் திறப்போம். வண்டியைத் தாமதப்படுத்துகிறவளின் இடத்தில் மறுநாள் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். ஜீப்பு போனால் வேலை போச்சு. புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் அவள் கூலியில்தான் மகள் தேவி காலேஜில் படிக்கிறாள்.

அதனால் சந்திரவல்லி பட்டினியைக் கூட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்தாள். மாத்திரையோ சாப்பிட்ட பிறகு போட வேண்டியது. சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் போடவில்லை. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காய் எடுக்கக் குனிந்தவள் செடி மூட்டிலேயே சரிந்தாள். மறுபடியும் ரத்தம், மறுபடியும் ஆஸ்பத்திரி.

"பட்டினி கெடந்தா புண்ணு ஆறாதும்மா. மாத்திரைய விட்டா இப்படித்தான் கெளம்பும்" என்று டாக்டரம்மா வைதார். கூட நின்ற எனக்கும் சேர்த்துத்தான்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "நான் சாப்புடப் போறேன். மாத்திரையும் போடப் போறேன். ஜீப்புலயும் வரப் போறேன். நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவளோ முதல் நாளே இட்லியைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஜீப்பின் பின்படி ஓரமாக உட்கார்ந்தாள். டிரைவர் பால்பாண்டி அண்ணனிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"அண்ணே, எனக்குக் கொடல்ல புண்ணு. யாருக்கும் ஒட்டாது. நான் சொன்னா வண்டிய நிறுத்தணும்."

"மலை ரோட்டுல எங்கிட்டு நிறுத்துறது? நேரமானா தோட்டத்துல என்னையத்தான் வைவாங்கெ."

"நிறுத்தாட்டிப் போண்ணே. வண்டியக் கழுவுற சோலி உனக்குத்தான்."

ஜீப்பே சிரித்தது. கருத்தம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எங்களில் மூத்தவள் அவள். "ஒருத்திக்காக அம்புட்டுப் பேரும் பேச்சு வாங்கணுமாக்கும்" என்றாள்.

பாதி மலையில் அவள் முகம் வேர்த்தது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடக்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, நிறுத்து."

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துண்ணே." குரலை உயர்த்தவில்லை. ஆனால் படியில் ஒரு காலை இறக்கிவிட்டாள்.

அடுத்த வளைவு தாண்டி, ரோடு அகலமான இடத்தில் பால்பாண்டி அண்ணன் நிறுத்தினார். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சந்திரவல்லி பாறைக்குப் பின்னால் போனாள்.

கருத்தம்மா அக்கா என்ன சொல்லப் போகிறாளோ என்று அவளையே பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "வழிய விடுங்கடி" என்று எங்கள் முழங்கால்களைத் தள்ளிக்கொண்டு இறங்கி, புதருக்குள் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி இறங்கினாள். பிறகு நானும் இறங்கினேன். இத்தனை வருஷமாக எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போயிருக்கிறோம். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

திரும்பி வந்தபோது சந்திரவல்லி வெளுத்த முகத்தோடு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பால்பாண்டி அண்ணன் ஆரனை அழுத்தினார்.

"ஆரன அடிக்காதண்ணே" என்றாள். "கருத்தம்மாக்கா இன்னும் வரல."