உப்புக் காலத்தில் நிறுத்திய மாத்திரை: மரக்காணம் போய்வந்த கதை

மரக்காணம் உப்பளத்துக்கு எப்போது போகலாம், எப்படிப் போகலாம் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு எழுதுகிறார்கள். எல்லாம் கீழே சொல்கிறேன். ஆனால் போன மே மாதம் என் வார விடுமுறையில் நான் அங்கே போனது படம் எடுக்க இல்லை. எங்கள் நோயாளி தனத்தைக் கையோடு கூட்டிவரப் போனேன். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னதே அவள்தான்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறவள். இதயத்தை நிறுத்தித் தைக்கும் நேரத்தில் நோயாளியின் ரத்தம் என் குழாய்கள் வழியாகத்தான் சுற்றி வரும். குழாயைத் தொட்டதும் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க ஹெப்பாரின் மருந்து கொடுப்போம். பிறகு சிறிது ரத்தம் எடுத்து, அது எத்தனை விநாடியில் உறைகிறது என்று ஒரு கருவியில் பார்ப்போம். சாதாரணமாக நூற்றுச் சொச்சம் வரும். 480ஐத் தாண்டினால்தான் நான் பம்பை ஓட்டுவேன். மருந்து குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. ஊர் சுற்றும் கதை படிக்க வந்தவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன் என்று திட்ட வேண்டாம், இது தெரியாமல் மீதி புரியாது.

தனம் உப்பளத்துக்காரி, நாற்பதை நெருங்குகிற வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுக்கு உலோக வால்வு வைத்தோம். ஆனால் இதயம் உடனே தேறவில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வெளியிலிருந்து ஓய்வு கொடுக்கும் எக்மோ இயந்திரத்தில் நான்கு நாள் இருந்தாள். அந்த நான்கு நாளும் மணிக்கொரு முறை ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தோம். டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளில் கறுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினோம். கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்டது, “ரெண்டு இட்லி கெடைக்குமா?” அன்றிலிருந்து அவள் எனக்குச் செல்லம்.

உலோக வால்வில் ரத்தம் கட்டக்கூடாது என்பதால் அவள் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும், மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். மார்ச்சில் வரவில்லை, ஏப்ரலிலும் வரவில்லை. கணவர் ஏழுமலையின் கைபேசி அணைந்தே கிடந்தது. யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று எல்லோரும் சொன்னோம். அந்த ‘யாராவது’ எந்தக் காலத்தில் கிளம்பியிருக்கிறார்? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவியை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலை 6.10க்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் வண்டி. மரக்காணம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர், எனக்கு 40 ரூபாய் டிக்கெட். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் விட்டுவிட்டுத் தெரியும். கோட்டக்குப்பத்தில் பெரிய பெட்டியோடு ஒரு குடும்பமே ஏறியது. மகனை விமான நிலையத்தில் விட்டுவரப் போகிறார்கள். பெரிய முதலியார்சாவடி தாண்டும்வரை எனக்கு உட்கார இடமில்லை. ஏழேகாலுக்கு இறங்கி, டீக்கடையில் இரண்டு வடை தின்றேன். உப்பளத்துக்கு ஆட்டோ 80 ரூபாய். தனம் என்ற பெயரை மட்டும் சொல்லிவிட்டு, எப்படித் தேடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஹார்ட் ஆபரேஷன் பண்ணுச்சே, ஏழுமலை சம்சாரம், அதானுங்களே?” என்றார். ஊருக்கே தெரிந்த முகவரிதான்.

உப்பளம் அழகுதான், மறுக்க மாட்டேன். வெயில் ஏறாத நேரத்தில் பாத்திகளில் வானம் கிடக்கும். வரப்போரம் வெள்ளைக் குவியல்கள், சிலவற்றின் மேல் கீற்று மூடியிருக்கும். பெண்கள் நீண்ட கழி செருகிய பலகையால் உப்பை வாரி ஓரத்தில் சேர்க்கிறார்கள். இதையெல்லாம் நான் திரும்பிப் போகும்போது நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

தனம் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பலகையின் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் வந்த சிரிப்பு பாதியில் மூச்சு வாங்குவதாக மாறிவிட்டது. கால் வீங்கியிருந்தது. வெயில்தான் காரணம் என்றாள். கொட்டகை நிழலில் உட்காரவைத்து விரலில் குத்தினேன். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் அவளுக்கு மூன்றையொட்டி இருக்க வேண்டும், 1.1 என்று வந்தது. அது மாத்திரையே போடாத ஆளின் எண். கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துப் பாத்திப் பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

“சீசன்ல போட மாட்டேன் மேடம். மழை புடிச்சதும் மறுபடியும் போட்டுக்குவேன்” என்றாள், குடையை மடித்து வைத்ததைச் சொல்வதுபோல.

காரணத்தைக் கேட்டபோது என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உப்புக்கட்டி காலைக் கீறாத நாள் இங்கே யாருக்கும் கிடையாது. மற்றவர்களுக்கு ஒரு நிமிடத்தில் நின்றுவிடும் ரத்தம், மாத்திரை போடும் தனத்துக்கு நிற்காமல் வழிந்திருக்கிறது. பிப்ரவரியில் ஒருநாள் வாரிச் சேர்த்த குவியலின் மேல் சொட்டிவிட்டது. வெள்ளை உப்பில் சிவப்பு எட்ட இருந்து பார்த்தாலும் தெரியும். மேஸ்திரி அந்தக் குவியலை அப்படியே ஒதுக்கித் தள்ளச் சொல்லிவிட்டார். மறுநாள் அவளோடு சேர்ந்து வார ஒருத்தியும் வரவில்லை. அன்றைக்கு மாத்திரையை நிறுத்தினாள். கீறல் ஆறியது, வேலையும் கைவிட்டுப் போகவில்லை. ‘காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நாங்கள் சொல்லி அனுப்பியிருந்தோம். உப்பளத்துக்காரியிடம் சொல்கிற பேச்சா இது?

அதற்குள் ஏழுமலை வந்துவிட்டார். அவர் முகத்தில் கவலையே இல்லை. “சரியாத்தாங்க இருக்குது. முன்னல்லாம் படுத்தா நெஞ்சுல டிக் டிக்னு கேட்டுக்கினே இருக்கும், எனக்குத் தூக்கமே வராது. இப்ப ஒரு வாரமா சத்தமே இல்ல. உள்ள நல்லா செட் ஆயிடுச்சு” என்றார்.

உலோக வால்வின் இதழ்கள் மூடும்போது வரும் சத்தம் அது. அமைதியான இடத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். தனத்தின் மார்பில் காதை வைத்தேன். மந்தமாக ஏதோ அடித்தது, டிக் மட்டும் இல்லை. வால்வில் ரத்தம் கட்டி இதழ் சிக்கியிருக்க வேண்டும்.

108ஐ அழைத்தேன். பிறகு எங்கள் மருத்துவரை. தனம் எழுந்து பலகையை எடுத்தாள். இன்றைக்கு இந்தப் பாத்தியை முடித்தாக வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றாள். நான் பலகையை வாங்கிக் கீழே போட்டேன். “நாளைக்கு நீ இருக்க மாட்ட தனம்” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் அதுதான் உண்மை. ஏழுமலை அவளைத் தூக்கி வரப்பின் மேல் நடக்க ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் மேலே, சாலையில்தான் நிற்க முடியும்.

பார்க்க நினைத்துப் பார்க்காமல் விட்ட எக்கியார்குப்பம் கடற்கரை ஆம்புலன்ஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடியது. எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததும் உறுதியானது. ஓர் இதழ் அசையவே இல்லை, மற்றொன்று பாதிதான் திறந்தது. கரைக்கும் மருந்தை நம்பிக் காத்திருக்க அவள் நிலை இடம் தரவில்லை. மாலையே அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. விடுமுறை என்று என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

உடை மாற்றப் போகும்போது நடைவழியில் ஏழுமலை என் முன்னால் வந்து நின்றார். “சத்தம் நின்னுச்சுன்னு அன்னிக்குக் கறி எடுத்து ஆக்குனோம் மேடம்” என்றார். தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஹெப்பாரின் கொடுத்து ரத்தம் எடுத்தேன். 310. இன்னும் கொடுத்தோம். 352. காலையிலிருந்தே ஹெப்பாரின் போய்க்கொண்டிருந்த உடம்பு, மருந்துக்கு மசியவில்லை. சில சமயம் இப்படி ஆகும். அறுவை மருத்துவர் கத்திரியோடு காத்திருந்தார், தனத்தின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பிக்கலாமா என்று இரண்டாம் முறை கேட்டார். “மாட்டேன் சார். 480” என்றேன். அவசரத்தில் பம்பை ஓட்டியிருந்தால் வால்வில் கட்டியது என் இயந்திரம் முழுக்கக் கட்டியிருக்கும். மயக்க மருத்துவர் மருந்துக்குத் துணை நிற்கும் பிளாஸ்மாவை ஏற்றினார். அடுத்து எடுத்த ரத்தக் குழாய் உறையும் நேரம் பார்க்கும் கருவிக்குள் சுழலத் தொடங்கியது. 400 தாண்டியது, 450 தாண்டியது. 512இல்தான் உறைந்தது. பம்பைத் திறந்தேன்.

புது வால்வு வைத்து முடித்து, ஹெப்பாரினை முறிக்கும் மருந்து கொடுத்து, உறையும் நேரம் 118க்கு இறங்கிய பிறகுதான் நான் உட்கார்ந்தேன். இந்த முறை எக்மோ தேவைப்படவில்லை. தனத்தின் இதயம் தானே பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குப் போகும் நாளில், உப்பளத்துக்கே போகாதே என்று சொல்ல மருத்துவர் வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். “போவேன் சார். மாத்திரையும் போடுவேன். ரத்தம் பட்ட உப்பத் தள்ளிக்கட்டும், என்னைத் தள்ள வேணாம்.” முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் வாங்கினோம். வாருவதை விட்டு மூட்டை பிடிக்கும் வேலைக்கு மேஸ்திரி மாற்றிக்கொடுத்தார், ஏழுமலை அவர் வீட்டு வாசலில் போய் நின்றதால். ரத்தப் பரிசோதனையை மரக்காணத்திலேயே செய்து எண்ணை எனக்கு அனுப்புகிறாள். போன மாதம் 2.9.

இனி நீங்கள் கேட்டவை. பிப்ரவரி முதல் ஜூன்வரை போகலாம், காலை ஒன்பதுக்குள் பார்த்து முடியுங்கள். அதற்குமேல் வெள்ளை கண்ணைக் குத்தும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். வரப்பில் மட்டும் நடங்கள், செருப்புக் காலோடு பாத்தியில் இறங்காதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டுபோங்கள், வேலை செய்கிறவர்களின் கொட்டகை தவிர அங்கே நிழல் இல்லை, கடையும் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது உலோக வால்வு இருந்தால், மாத்திரையை எதற்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு வேலை ஒத்துவராவிட்டால் அதை மருத்துவரிடம் சண்டை போட்டாவது சொல்லுங்கள். அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, அன்றைக்கே கிளம்புங்கள்.

போன வாரம் ஏழுமலையிடம் பேசும்போது, இப்போது டிக் டிக் கேட்கிறதா, தூக்கம் கெடுகிறதா என்று விசாரித்தேன்.

“கேட்டாத்தான் தூக்கமே வருது மேடம்” என்றார்.