லாரிசாக்காரர்களின் காசு

போன சனிக்கிழமை, பக்கத்து வீட்டு கோஸ்டா வேலிக்கு மேலே கையை நீட்டி எனக்கு ஒரு காசு கொடுத்தார். கொடுத்தார் என்றுதான் நான் நினைத்தேன்...

கோஸ்டா எண்பது தாண்டிய கிரேக்கர். எங்கள் பகுதியான மவுண்ட் ரோஸ்கில்லில் தனியாக இருந்தவரை மறுநாள் நகரத்தின் தென்கோடியில் உள்ள பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க மகள் எலெனி ஏற்பாடு செய்திருந்தாள்.

கட்டை விரல் நகம் அளவு வெண்கலக் காசு. பச்சை படிந்திருந்தது. ஒரு பக்கம் பெண் முகம், மறுபக்கம் மேயும் குதிரை.

"எங்க ஊர் லாரிசாவோட காசு. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. நீயே வச்சுக்கோ," என்றார் தன் ஆங்கிலத்தில்.

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

புதன்கிழமை எலெனி போன் செய்தாள். "அப்பாவோட பழைய காசைக் காணோம். யாரோ எடுத்துட்டாங்கன்னு அழறார். நீங்க பார்த்தீங்களா?"

"என்கிட்டதான் இருக்கு. அவர்தான் கொடுத்தார்."

"ஓ..." என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்துக்குள் நான் யார் — சிநேகிதியா, திருடியா?

"குடுக்கறப்ப ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்ல?" என்றார் என் கணவர். அன்பாகக் கொடுப்பதற்கெல்லாம் யாராவது ஆதாரம் வைத்துக்கொள்வார்களா?

மறுநாள் லீவு போட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பாபகூரா போனேன். எலெனியும் இருந்தாள். கோஸ்டாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. காசை அவர் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுது இல்லை."

எலெனி குழம்பிப்போனாள். "அப்பா, எனக்கு நினைவு தெரிஞ்சதிலிருந்து இது உங்க மேஜையிலதான் இருக்கு. உங்களுது இல்லைன்னா வேற யாரோடது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குதிரையைச் சுற்றியிருந்த எழுத்துகளை நகத்தால் தடவித் தடவி வாசித்தார். "லாரிசாக்காரங்களுடையது. இதுலயே எழுதியிருக்கே."

உண்மைதானாம். அந்த ஊர் தானே அடித்துக்கொண்ட காசு. ராஜா பெயர் கிடையாது, ஊர்க்காரர்கள் பெயர்தான் என்று எலெனி விளக்கினாள். சரி... அப்படியானால் நான் எதை, யாரிடம் திருப்பிக் கொடுக்க வந்தேன்?

எலெனி காசை அவர் சட்டைப் பையில் போட்டாள். நான் கிளம்பினேன். கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல்.

"பக்கத்து வீட்டம்மா, அன்னிக்கு நான் குடுத்த காசு பத்திரமா இருக்கா?"

எலெனியின் முகம் சிவந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "ஸாரி" என்றாள்.

"பத்திரமா இருக்கு," என்றேன் அவரிடம்.

பொய் இல்லை. யார் பையில் என்று அவர் கேட்கவில்லையே.