முடிச்சுக்குக் கீழே

நெடுந்தீவுக்கு ஒருவர் விரும்பி வந்தார் என்று என் இளமையில் நான் கேள்விப்பட்டதில்லை. மேலிடத்தைப் பகைத்துக்கொண்ட உத்தியோகத்தர்கள்தான் மாற்றலாகி வந்தார்கள். குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறும்போதே திரும்பிப் போகும் நாளை எண்ணத் தொடங்குவார்கள். கடல் அவர்களைப் புரட்டி எடுத்து, முகம் வெளிறிய நிலையில் எங்கள் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் போகும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சனங்கள்.

எழுபதுகளில் யாரோ ஒருவர் எங்கள் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் படம் பிடித்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் போட்டுவிட்டார். ஒல்லாந்தர் காலத்தில் விடப்பட்டவை என்று சொல்லப்படும் அந்தக் குதிரைகள் எங்களுக்குப் பெரிய தொல்லை. பயிரை மேயும், கல்லெறிந்து கலைப்போம். அவற்றைப் பார்க்க ஆட்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று முதலில் யாரும் நம்பவில்லை. ஆனால் வந்தார்கள். பள்ளி விடுமுறைக்கு ஆசிரியர்கள் வந்தார்கள், பிறகு கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள், பிறகு முதுகில் பெரிய பையோடு வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். எங்கள் கல்மதில்களைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு அழகு" என்றார்கள். மாடு நுழையாமல் இருக்க அடுக்கிய கற்கள் அவை. அதற்கப்புறம்தான் நானும் அவற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

நான் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். வீட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. தங்க இடமில்லாமல் நின்ற ஒரு குடும்பத்தை ஒருநாள் கூட்டி வந்தேன். அவர்கள் போய் வேறு இருவரை அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்குள் என் வீடு ஒரு விடுதியாகிவிட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் விருந்தாளிகள் ஐந்து நாள் இருந்தார்கள், நான் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். காசுக்காக மட்டுமல்ல. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் என்னை "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிட்டு, என் கதைகளைக் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வருபவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போக ஒரு கொப்பியும் வைத்திருந்தேன். வேலை முடிந்த மாலைகளில் அதை எடுத்து வாசிப்பேன்.

அந்தக் கொப்பியில் ஒரு கொழும்பு அம்மா எழுதினார்: "எல்லாம் சொர்க்கம். குளிக்கிறதுதான் நரகம்."

அது என்னைச் சுட்டுவிட்டது. ஆனால் எங்கள் கிணற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அது பங்குக் கிணறு. எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே, மதில் வந்து முட்டி நின்று மறுபக்கம் தொடரும். இந்தப் பக்கம் நாங்கள் அள்ளுவோம், அந்தப் பக்கம் அவர்கள். காணி உறுதியிலும் அரை அரைப் பங்கு என்றே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் என் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறை, தனியாக இருந்தார். புருசன் இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. ஒரு பசுவும் கன்றும் வைத்திருந்தார், பால் விற்றுச் சீவித்தார். எங்கள் வட்டாரத்தில் உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான்.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே பாலாடை போலத்தான் கிடக்கிறது. கோடையில் ஆழத்தைக் கலக்கினால் உப்பு ஏறிவிடும். அதனால் வாளிக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டிருப்போம். முடிச்சு கைக்கு வந்தால் அதற்கு மேல் கயிறு விடக் கூடாது. வாளி பாதிதான் நிறைந்தாலும் இழுத்துவிட வேண்டும். நடக்கப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும்.

நான் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று வாங்கினேன். இறக்குமதி திறந்துவிடப்பட்டு, யாழ்ப்பாணத்துக் கடைகளில் யப்பான் மிசின்கள் வரிசையாக நின்ற காலம் அது. சீமெந்தில் ஒரு தொட்டி கட்டி, குளிக்கும் அறையில் பூத்தூறல் குழாயும் பூட்டத் திட்டம். பங்குக்காரியிடம் கேட்காமல் செய்ய முடியாது. அக்கா கிணற்றின் அந்தப் பக்கம் நின்றபடி யோசித்தார்.

"வையும் தம்பி. நாலுபேர் வந்து போற இடம், வேணும்தானே. ஆனால் குழாய் முடிச்சுக்குக் கீழை போகக் கூடாது."

"ஓம் அக்கா. மேலைதான் நிக்கும்."

பங்குனியில் அப்படியேதான் போட்டேன். சித்திரை விடுமுறைக்கு வீடு நிறைந்தது. வைகாசியில் தண்ணீர் மட்டம் இறங்கி, மிசின் காற்றை உறிஞ்சி இருமத் தொடங்கியது. உள்ளே தலையில் சவர்க்கார நுரையோடு ஒருவர் நின்று, "மாஸ்டர், தண்ணி நிண்டுபோச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் குழாயை ஒரு முழம் இறக்கினேன். ஆனியில் இன்னொரு முழம்.

உப்பு முதலில் தேத்தண்ணீரில் தெரிந்தது. பிறகு சோற்றில். ஆடி பிறந்தபோது அக்காவின் பசு வாளியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

"தம்பி, குழாய் எதிலை நிக்குது?" என்று அக்கா கேட்டார்.

"முடிச்சுக்கு மேலைதான் அக்கா. இந்த வருசம் மழை காணாதெல்லோ."

அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். படித்தவன், தம்பி, பொய் சொல்லமாட்டான் என்று நினைத்திருப்பார். வாளியைக் கவிழ்த்துக் கிணற்றுக்கட்டில் வைத்தார். பிறகு போய்விட்டார்.

சில நாள் கழித்து, குசினியில் என் மனைவி இடியப்பம் அவித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இஞ்சரப்பா, கிணறு உப்பானது தன்ர பிழையாலையாம் எண்டு அக்கா அழுகிறா."

விசயம் இதுதான். மாதத் துடக்கு நாள்களில் பெண்கள் கிணற்றடிக்குப் போவதில்லை. அக்கா தனியாள் என்பதால் அந்த மூன்று நாளும் என் மனைவிதான் அள்ளி, மதிலுக்கு மேலால் வைத்துவிடுவாள். கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து அது வழக்கம். சித்திரையில் ஒருநாள் வீட்டில் பன்னிரண்டு விருந்தாளிகள். அக்கா மதிலடியில் வந்து இரண்டு தரம் கூப்பிட்டாராம். யாரோ அந்நிய ஆம்பிளை எட்டிப் பார்த்து, "என்ன வேணும்?" என்று கேட்டாராம். அவரிடம் என்னவென்று சொல்வது? கன்று தண்ணீருக்குக் கத்துகிறது. தானே போய் ஒரு வாளி அள்ளிவிட்டார். அந்த ஒரு வாளியால்தான் கிணறு கெட்டது என்று இப்போது நம்பினார். நம்பியது மட்டுமல்ல, அயலில் இருந்த இரண்டு பெண்களுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதன்பின் அவரிடம் பால் வாங்கியவர்களில் சிலர் வேறு வீட்டுக்குப் போனார்கள்.

"நீங்கள் சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

"எதை?"

அவள் என்னைப் பார்த்தாள். குழாய் எங்கே நிற்கிறதென்று அவளுக்கும் தெரியும். அன்றைக்கு மதிலடிக்கு வராமல் போனதும் அவள்தான். ஆவணிக்கு வருவதாக மூன்று குடும்பம் எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் குழாயை மேலே எடுக்க வேண்டும், குளிக்கும் அறையைப் பூட்ட வேண்டும். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் இருந்தது என்று சொல்ல இத்தனை வருடம் முயன்று பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அக்கா நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கோயில் வெளிவீதியை மூன்று சுற்று அடியழித்து வருவது. ஓரடி வைத்து, விழுந்து கும்பிட்டு, எழுந்து அடுத்த அடி வைத்து, மறுபடி விழ வேண்டும். ஆவணி வெயிலில், ஐம்பதை நெருங்கும் உடம்போடு.

அவர் போன வெள்ளிக்கிழமை, நானும் அதே வள்ளத்தில் போனேன். கொழும்பிலிருந்து வந்த ஓர் அதிகாரியையும் அவர் மனைவியையும் நயினாதீவு காட்டக் கூட்டிப் போனேன். அக்கா வள்ளத்தின் கீழ்த்தட்டில் பெண்களோடு இருந்தார், என்னைக் கண்டதும், "தம்பி, நீரும் வாறீரோ, நல்லது" என்றார். நான் மேலே போய் விருந்தாளிகளோடு இருந்தேன்.

கோயில் வீதியில் மணல் காலைச் சுட்டது. அக்கா ஈரச் சேலையோடு மூன்றாம் சுற்றில் வந்துகொண்டிருந்தார். நெற்றியும் முழங்கையும் மணலாக இருந்தன. அதிகாரி கமெராவை எடுத்துக்கொண்டு வீதியின் நடுவே போய்க் குந்தினார். அக்கா நிமிர்ந்தபோது எதிரே அவர் இருந்தார். பக்கத்தில் நான் நின்றேன். ஒரு சொல் சொல்லி அந்த மனிதரை எழுப்பியிருக்கலாம். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து அவரைச் சுற்றி நடந்துபோய், மறுபடி விழுந்தார்.

"என்ன நேர்த்தியாம், மாஸ்டர்?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"வள்ளத்திலை உங்களோடை கதைச்சவதானே?"

"ஓம். ஊராள்."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைச் சுட்டது. நான் நிழலில் நின்று சோடா குடித்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அக்கா கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டார். வாளியில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருந்தார். முகத்தில் நான் பல மாதமாகக் காணாத ஒரு தெளிவு.

"குடிச்சுப் பாரும்."

குடித்தேன். உப்பு நிச்சயமாகக் குறைந்திருந்தது.

"அம்மாள் மன்னிச்சிட்டா" என்றார்.

மிசின் பழுதாகி, நேர்த்திக்கு முன்பே திருத்த யாழ்ப்பாணம் போயிருந்தது. அத்தனை நாளும் வாளியால்தான் அள்ளினோம். அவ்வளவுதான். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் கிணறும் பிழைத்திருக்கும், அவரும் அந்தப் பழியிலிருந்து தப்பியிருப்பார். என் நாக்கு நுனி வரை வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. "ஓம் அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அடுத்த நாள் வள்ளத்தில் மிசின் வந்தது. அதே வள்ளத்தில் ஒரு குடும்பமும் வந்தது. நான் குழாயைப் பழைய இடத்துக்கே இறக்கி, மிசினில் கயிறு சுற்றி இழுத்து அதை ஓடவிட்டேன். அந்தப் பக்கம் அக்கா வாளியை விட்டுக்கொண்டிருந்தார். முடிச்சு கைக்கு வந்ததும் நிறுத்தி, பாதி வாளியை மேலே இழுத்தார்.

புரட்டாதிக்குள் கிணறு முழுதாகக் கெட்டது. கார்த்திகை மழையும் அதைத் திருப்பித் தரவில்லை. குளிக்க வருபவர்கள் உப்பைப் பொருட்படுத்தவில்லை, "கடல் குளிப்பு மாதிரி" என்று கொப்பியில் எழுதினார்கள். எங்களுக்குக் குடிக்க வண்டிலில் நல்ல தண்ணீர் வந்தது. அக்கா ஒரு மைலுக்கு அப்பாலிருந்து குடம் சுமந்தார். பசுவை விற்றார். சில நாள் நான் வண்டிலில் வந்ததில் ஒரு குடம் மதிலுக்கு மேலால் வைப்பேன். "புண்ணியம் கிடைக்கும் தம்பி" என்பார்.

அடுத்த வருடம் ஆவணியில் அவர் மறுபடி நயினாதீவுக்குப் புறப்பட்டார். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போன முறை நேர்த்தி பிழைச்சுப் போச்சு தம்பி. கடைசிச் சுத்திலை ஒருத்தர் படம் எடுக்கக் குந்தியிருந்தார். அவருக்கு வழிவிட நாலடி விழாமல் நடந்திட்டன். நீரும் கண்டனீர்தானே. அதுதான் அம்மாள் திருப்பி எடுத்திட்டா." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "உமக்கு நேரமிருந்தால் இந்த முறை என்னோடை வாரும். முன்னாலை நடந்து ஆக்களை விலத்தி விட்டால் போதும்."

நான் போனேன். மூன்று சுற்றும் அவருக்கு முன்னால் நடந்து, படம் எடுக்க வந்தவர்களை விலக்கிவிட்டேன். அவர் ஓரடியும் தவறவிடவில்லை. வள்ளத்தில் திரும்பி வரும்போது என் கையைப் பிடித்து, "உம்மாலைதான் தம்பி இந்த முறை சரியாச் செய்ய முடிஞ்சுது" என்றார். வீட்டுக்குப் போனதும் நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டார்.