ஸ்ட்ராங்கான ஆளு

இங்கிலீஷில் எனக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'ஸ்ட்ராங்'தான். பலமான, உறுதியான என்று அகராதி பொருள் சொல்லிவிட்டுப் போய்விடும். டீக்கு முன்னால் வந்தால் பொறுத்துக்கொள்வேன். ஒரு பொம்பளைக்கு முன்னால் போட்டார்கள் என்றால், ஏதோ பாரத்தை அவள் தலையில் ஏற்றப் போகிறார்கள் என்று அர்த்தம்.

என் அக்காவுக்கு அந்தப் பட்டம் ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. விடியுமுன் போடியில் ஜீப்பு ஏறி, மலையில் இருக்கும் தோட்டத்துக்குப் போவோம். உள்ளே நெருக்கியடித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்க, கதவில்லாத பின்பக்க விளிம்பில் ஒருத்தி உட்கார வேண்டும். மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் மற்றவர்கள் சரிந்து விழாமல் முழங்காலால் முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த இடம் ஸ்ட்ராங்கான ஆளுக்கு என்பது வழக்கம். வருஷக்கணக்காக அது அக்காவுக்குத்தான். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

காய்ச்சல் விட்ட மறுநாள் டிரைவரிடம் கேட்டாள். "அண்ணே, தல கிறுகிறுங்குது. இன்னைக்கி மட்டும் உள்ள உக்காந்துக்கிறேன்."

"ஒனக்கென்னத்தா, நீ ஸ்ட்ராங்கான ஆளு. வெரசா ஏறு, சோலி கெடக்கு" என்றார் அவர். ஜீப்பே சிரித்தது.

"நான் அங்க உக்கார்றேன்" என்றேன். "ஒல்லிக்குச்சி, நீ காத்துல பறந்துருவ" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு அக்காவே பின்னால் ஏறினாள். பாதி மலையில், ஒரு கொண்டையூசி வளைவில் அவள் கை கம்பியை விட்டுவிட்டது.

உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பார்க்க வருகிறவர்கள் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, "ஸ்ட்ராங்கான ஆளு, அடுத்த சீசனுக்கு எந்திரிச்சு வந்துருவா பாரு" என்பார்கள். அடப்பாவிகளா, படுத்துக் கிடக்கிறவளுக்குமா ஓய்வு கிடையாது? அவளும் சிரித்துத் தலையாட்டுவாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரியும்.

ஒரு மத்தியானம், வந்தவர்கள் போனபின், படுக்கைத் துணியை மாற்றக் குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே யாரையும் உள்ள விடாத."

"ஏங்க்கா?"

"அவுக இருக்கப்ப அழுக முடியலடி."