கண்ணுக்கு வைத்த பூ

நந்தியாவட்டைக் காம்பை ஒடித்தால் கசியும் பாலின் பிசுபிசுப்பு அறுபது வருடம் கழித்தும் என் விரல்களில் இருக்கிறது. அந்தப் பூவைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அகரத்தில் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் காலையில் பூவெடுத்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த மொட்டெல்லாம் சிதற வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய் எதிரே நின்றேன். "ஏ புள்ள, எங்கிட்டு இருக்க?" என்று என் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

எங்கள் வீட்டில் வைத்தியமெல்லாம் அய்யாவின் அக்காதான். அம்மாவின் இமையை விரித்துப் பார்த்த அத்தை, "வெயில்ல நின்னு கண்ணுல சூடு ஏறிருச்சு, பூ வச்சா எறங்கிரும்" என்று சொல்லிவிட்டாள். காலையும் மாலையும் தோட்டத்து நந்தியாவட்டை பறித்துவந்து அம்மாவின் கண்மேல் வைத்து, வெள்ளைத் துணியால் "கட்டு" போடுவது என் வேலையானது. பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். மாரியம்மனுக்கு வெள்ளியில் "கண்மலர்" சாத்துவதாக அய்யா வேண்டிக்கொண்டார். ஊரே வந்து அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனது.

அம்மா மட்டும், "கண்ணு கெடக்கட்டும் மதினி, தலைதான் தாங்கல, உள்ள என்னமோ வெடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "கண்ணு தெரிஞ்சா தலைவலி தன்னால போயிரும், செத்த நேரம் பேசாம படு" என்பாள் அத்தை. அத்தை கெட்டவள் இல்லை. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவளும் அவள்தான்.

ஏழாம் நாள் சாயங்காலம் நான் கட்டுப் போடும்போது அம்மா என் கையைத் தடவிப் பிடித்து நெற்றிக்கு இழுத்தாள்.

"இங்கன அமுக்குடி."

"பூ விழுந்திரும்மா, ஆடாத" என்று கையை உருவிக்கொண்டேன்.

மறுநாள் காலை பூவோடு திரும்பியபோது வாசலில் கூட்டம் நின்றது. அம்மா போய்விட்டிருந்தாள்.

போன வருடம் எனக்கும் தலைவலி வந்து மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அம்மாவுக்கும் அப்படி ஒரு குழாய் வெடித்துத்தான் பார்வை போயிருக்கும், அந்தக் காலத்தில் தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆறுதலாகச் சொன்னார். தோட்டம் இப்போது வீட்டு மனையாகிவிட்டது. நந்தியாவட்டை நின்ற இடம்கூட அடையாளம் தெரியவில்லை.

காப்பாற்றியிருக்க முடியாதுதான். தலையை அமுக்கிவிட்டிருக்கலாம்.