கயிறு அவிழ்க்கக் கூடப் போனவள்

குடிகாரரைத் திருத்த எங்கள் பக்கத்தில் கைவசம் இருக்கும் மருந்து கயிறுதான். ஊருக்கு வெளியே இருக்கும் முனியப்பன் கோவிலில் பூசாரி இத்தனை மாதம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிவிடுவார். அது கையில் இருக்கும்வரை குடிக்கக் கூடாது. மீறிக் குடித்தால் சாமி குடித்தவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. அதனால் குடிக்க ஆசை வந்தவர்கள் முன்னதாகவே போய் மன்னிப்புக் கேட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கட்டும்போது பக்கத்தில் நின்றவர் அவிழ்க்கும்போதும் நின்று, சம்மதம் என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டுகிறவர். அவர் கையில் கயிறு எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றவள் நான்தான். “ஏம்புள்ள, மச்சான் ஊட்டுல கெடாவெட்டு வருது. ஒரு எட்டுப் போயி அவுத்துட்டு வந்தர்லாம் வா” என்பார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நானும் புடவையை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறுவேன். கயிறோடு குடித்துத் தொலைத்துவிட்டால்? எங்களுக்கு ஒரே மகள். அவள் விஷயத்தில் சாமியோடு வம்பு வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. ஆக, குடிக்காதீர்கள் என்று அழுகிறவளும் நான், குடிக்கச் சம்மதம் சொல்கிறவளும் நான். இதை அப்போது யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

வயிற்று வலி என்று அவரைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அங்கிருந்த நர்ஸ் ஒருவர் சூரமங்கலத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில் குடியை நிறுத்தியவர்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள் என்று சொன்னார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சர்ச்சுக்கெல்லாம் நா வல்ல. கையில கயிறு இருக்குதில்ல?” சரி, நாமாவது விசாரித்து வருவோம் என்று கிளம்பினேன். வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள் நான். லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஹால் வாசலில், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட அக்கா ஒருவர் நின்றிருந்தார். ரயில்வே குடியிருப்பில் இருக்கிறவர். “குடிக்கிறவங்க கூட்டம் அந்தப் பக்கம்மா. அவங்க வீட்டுல உள்ளவங்களுக்கு இங்க. உள்ள வாங்க” என்றார்.

“குடிக்கறது அவருங்க. நா எதுக்குங்க?”

“நானும் முத நாள் இதையேதான் கேட்டேன்.”

உள்ளே யாரும் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் அக்காதான். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியை நான் கேட்டேன். “இங்க கயிறு எத்தன மாசத்துக்குங்க கட்டுவாங்க?”

“கயிறெல்லாம் இல்லம்மா. அவங்க குடிக்கிறாங்க, நாம என்ன செய்யிறோம்னு பேசுவோம். அவ்வளவுதான்.”

இதற்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் போனேன். கணவருக்குக் காய்ச்சல் என்று அவர் ஆபீசுக்குப் போன் செய்வதே தன் வேலையாகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். என் முறை வந்தபோது கயிற்றுக் கதையைச் சொன்னேன். சிலுவைச் சங்கிலி அக்கா கேட்டார்: “நீங்க கூடப் போகலேன்னா என்ன செய்வாரு?”

ஊர் வந்து சேரும்வரை அந்த அம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கேள்விக்கு ஆடியில் பதில் கிடைத்தது. கூட்டம் இருந்த நாளில்தான் அவருடைய கூட்டாளி வீட்டில் விருந்து. “அவுத்துட்டு வந்தர்லாம், பொறப்படு” என்றார்.

“நா வல்லீங்க.”

“அப்ப கயிறோடவே குடிக்கறேன். புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் பாவம் உன்னயத்தான் சேரும்.”

அவர் வண்டி கிளம்பிப் போன பிறகும் அடுப்படியிலேயே நின்றேன். கூடப் போனால் என் சம்மதத்தோடு குடிப்பார். போகாவிட்டால் என் மகள் தலையில் குடிப்பார். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிச் சூரமங்கலம் போனேன். ஹாலில் நடந்ததைச் சொன்னேன். போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ செய்தது சரி என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. “பயமாத்தான் இருக்கும்மா” என்றார் அந்த அக்கா.

சாயங்காலம் திரும்பியபோது வீடெல்லாம் சாராய வாடை. அவர் கட்டிலில் குப்புறக் கிடந்தார். மகள் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சோறு போடும்போது தொட்டேன். படுக்கும்போது தொட்டேன்.

காலையில் சடை பின்னும்போது கேட்டாள். “ஏனுங்மா, நேத்துல இருந்து நெத்தியவே தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?”

“சும்மாதான் சாமி.”

“எனக்கு ஒண்ணுமில்லீங்மா. அப்பாதான் இன்னும் எந்திரிக்கவே இல்ல.”

திரும்பிப் பார்த்தேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு வெளியே கை தொங்கிக்கொண்டிருந்தது, கயிறோடு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முன் இன்னொரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.