ஸ்மோக் மெஷின் வீட்டில் இருந்தது

முருகனிடம் நான் சொன்னது சிகரெட் என்றுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிள்ளானில் ஓர் அரசாங்க மருத்துவமனை. என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு கேட்க அவள் டாக்டர் அறைக்குள் போனாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் திரும்பி வருவதற்குள் அவசரம் அவசரமாக வேண்டிக்கொண்டேன். "கெட்ட கட்டியா இருக்கக் கூடாது முருகா. கெட்டது இல்லன்னு வந்தா, நான் சிகரெட்ட இனிமே தொடமாட்டேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் உதடு அசைந்திருக்கும் போல.

மனைவி வெளியே வந்தாள். "சாதாரணக் கட்டிதானாம். வருஷத்துக்கு ஒருதடவ வந்து காட்டணுமாம். வாங்க, பசிக்குது" என்றாள்.

வேனில் வரும்போது வேண்டுதலைச் சொன்னேன். அவளும் ஒன்று வேண்டிக்கொண்டிருந்தாள். சீரியலை விட்டுவிட்டாளாம். "டிவியில இனிமே ஒரு சீரியலும் பாக்கமாட்டேன்" என்றாள். மாலை ஆறிலிருந்து பத்து வரை எங்கள் வீட்டில் வேறு சத்தம் கேட்டதில்லை. சாமிக்கு நாங்கள் இருவருமே சின்ன விஷயத்தைக் கொடுக்கவில்லை.

என் தொழில் ஒலிபெருக்கி. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கூட்டம் எதுவானாலும் ஸ்பீக்கரும் மைக்கும் வாடகைக்குக் கொடுத்து, நானே போய் மாட்டிவிடுவேன். மனைவி கூட வந்து ஒயர் சுற்றுவாள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். இருபத்தைந்து வருஷமாக மைக் பிடிக்கிறேன். அதில் நான் பேசியதெல்லாம் "ஹலோ, செக், ஒன், டூ" மட்டும்தான். த்ரீ வரைக்கும் போனதில்லை.

சிகரெட் இல்லாமல் மூன்று மாதம் இருந்தேன். எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்பீக்கர் ஒயரின் முனையைக் கடித்துக் கடித்து இரண்டு ஒயர் வீணாயிற்று.

அப்போதுதான் நான் பேட்டரி வாங்கும் கடைவரிசையில் ஒரு வேப் கடை, பேட்டரியில் புகை விடும் குழல் விற்கும் கடை, திறந்தது. கடைக்காரர் நம் ஆள். என்னைவிடப் பத்து வயது சிறியவர், நல்ல பேச்சு. ஒரு நாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"உள்ள வாங்கண்ணே. வெளிய நின்னா வெயில் லா" என்றார்.

"இதுவும் சிகரெட் மாதிரிதானே தம்பி?"

"எங்கண்ணே மாதிரி? நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல, தீப்பெட்டி வேணாம். இது சார்ஜ் போடுற சாமான்ணே."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். சார்ஜ் போடும் சாமானோடுதான் என் பிழைப்பே. சார்ஜ் போட்டால் அது எலக்ட்ரிக் சாமான். ஸ்பீக்கர் மாதிரி, டார்ச் லைட் மாதிரி. முருகனிடம் நான் டார்ச் லைட்டை விடுவதாகச் சொல்லவில்லை. மாம்பழ வாசனையில் ஒன்று வாங்கி, மைக் ஜாக்குகள் கிடக்கும் டப்பாவில் ஒளித்து வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தைப்பூசத்துக்கு மாலை போட்டபோது அதைத் தொடவில்லை. பத்துமலையில் பால்குடம் எடுத்தேன். இறங்கி வந்த மறுநாள் டப்பாவைத் திறந்தேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கம் குறுக்கே வந்தது.

சில மாநிலங்களில் வேப் விற்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். எங்கள் சிலாங்கூரில் யோசிக்கிறார்கள் என்றார்கள். நாடு முழுக்கத் தடை வரும் என்று ஒருவர், வராது என்று ஒருவர். வேனில் ரேடியோவைத் திறந்தால் இதே பேச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அரசியலைக் கவனமாகக் கேட்டேன். "வேப்பும் சிகரெட்டும் ஒன்றுதான்" என்று ஒரு தலைவர் சொன்னால் வேறு நிலையத்துக்கு மாற்றுவேன். "அதைவிட இது பரவாயில்லை" என்று இன்னொருவர் சொன்னால் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். மற்றவர்களுக்குப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை, கடைக்காரர்களுக்கு வியாபாரத்தைப் பற்றிக் கவலை. எனக்கு ஒரே கவலைதான். இரண்டும் ஒன்று என்று முடிவானால், நான் ஆறேழு மாதமாக முருகனை ஏமாற்றிக்கொண்டிருந்தவன் ஆவேன். மனைவிக்கு வருஷச் சோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் மாட்டப் போனபோது, பெண்ணின் மாமா வக்கீல் என்று தெரிந்தது. கூச்சத்தை விட்டு அவரிடம் கேட்டேன்.

"சார், சட்டப்படி வேப்பு சிகரெட்டா?"

"ரெண்டுமே ஒரே சட்டத்துக்குள்ளதான் வருது" என்றார். கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தேன். "ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிட முடியாது" என்றார். மறுபடி எடுத்தேன். "ஏன், உங்க மேல கேஸ் ஏதாச்சும் இருக்கா?"

யார் போட்ட கேஸ் என்று எப்படிச் சொல்வது. "சும்மா கேட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு ஒயர் சுற்றப் போய்விட்டேன்.

அடுத்த மாதமே எங்கள் குடியிருப்பான தாமானில் கூட்டம் போட்டார்கள். வேப்பை முழுசாகத் தடை செய்யச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்களாம். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், எங்கள் பேச்சில் ஒய்பி, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறாராம். குடியிருப்பாளர் சங்கத்தின் மகளிர் பிரிவு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது. அதில் முன்னால் நின்றவள் என் மனைவி. ஸ்பீக்கர் இலவசம் என்று வாக்குக் கொடுத்தவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் கல்யாணத்துக்குப் போன சாமான் எல்லாம் வேனிலேயே இருந்தது. மனைவி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெண் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழையும்போது வெள்ளைப் புகை விடுவோமே, அந்த ஸ்மோக் மெஷினும் அதில் இருந்தது. அதைத் தூக்கி வீட்டு வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கூட்டத்துக்கு இது எதுக்கு? ஒய்பி என்ன கல்யாணப் பொண்ணா?" என்றாள்.

நானும் சிரித்தேன்.

தாமான் மண்டபம் நிறைந்துவிட்டது. பெரிய ஸ்பீக்கர்களை இரண்டு இரண்டாக அடுக்கி, மேடைக்குப் பக்கத்தில் அவற்றுக்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். அதுதான் எப்போதும் என் இடம். யாரும் பார்க்க முடியாது. வேப் கடைக்காரரும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஒரு ஜாக்கைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

ஒய்பி பேசினார். அரசாங்கம் எல்லாத் தரப்பையும் கேட்கிறது, ஆய்வு நடக்கிறது என்றார். கடைக்காரர் எழுந்தார்.

"ஒய்பி, நான் லைசென்ஸ் வச்சு, வரி கட்டி விக்கிறேன். நீங்க தடை போட்டா நான்தான் மூடுவேன். கள்ளத்தனமா விக்கிறவன் மூடுவானா?"

"அதுக்காகப் புள்ளைங்க புத்தகப்பையில வச்சுக்கிட்டுத் திரியட்டுமா?" என்று பின்னாலிருந்து ஓர் ஆன்டி கேட்டார்.

"நான் புள்ளைங்களுக்கு விக்கிறதில்ல ஆன்டி. ஐசி கார்டு காட்டணும், வயசு பாத்துதான் குடுப்பேன்."

"அப்புறம் அதுல ஐஸ்கிரீம் வாசனை எதுக்கு? உங்கள மாதிரி பெரியவங்க ஐஸ்கிரீமுக்கா அழறாங்க?"

கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது என் மனைவி எழுந்து மைக்கை வாங்கினாள். "ஒய்பி, எனக்கு ஒரே கேள்விதான். இதுவும் சிகரெட்டும் ஒண்ணா, வேறயா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க."

நான் மாதக்கணக்காக ரேடியோவிடம் கேட்ட கேள்வி. ஒய்பி தண்ணீர் குடித்தார். "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தார். என் கை தானாகவே ஜாக்கு டப்பாவுக்குப் போயிற்று. ஒரே ஒரு இழுப்பு, குனிந்துகொண்டுதான். ஒய்பி, இதை இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டும் என்றார். இன்னொரு இழுப்பு. மூன்றாவது கோணமும் இருக்கிறது என்றார்.

மண்டபத்துச் சுவர்விசிறி சுற்றிக்கொண்டே வந்து என் பக்கம் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஸ்பீக்கர் எரியுதுங்க" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். ஸ்பீக்கர் உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பி மேடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது கோணத்தை விட்டுவிட்டு ஒய்பி மேடையிலிருந்து குதித்தார். நாற்காலிகள் விழுந்தன. சங்கத் தலைவர் மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்துகொண்டு என் ஆம்ப்ளிபையரை நோக்கி ஓடி வந்தார். அதில் தண்ணீர் பட்டால் என் பிழைப்பு போயிற்று. வேப்பைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். மண்டபமே என்னைப் பார்த்தது. ஒரு கையில் நான் சத்தம் சரிபார்க்கும் டெஸ்ட் மைக் இருந்தது, அதுவும் ஆனில் இருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றேன். என் குரல் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது. "ஸ்மோக் மெஷின். தெரியாம ஆன் ஆயிடுச்சு."

பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஒய்பியும் சட்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "எனக்கு இவ்ளோ பெரிய வரவேற்பு தேவையா அண்ணே?"

"மாம்பழ வாசம் வருதே" என்றார் அந்த ஆன்டி.

நான் மைக்கை அணைத்தேன். கடைக்காரர்தான் எழுந்து சொன்னார். "கல்யாணத்துக்கு இப்பல்லாம் வாசனையோட வருது ஆன்டி. ரோஜா கூட இருக்கு லா." அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரே ஓர் ஆள் சிரிக்கவில்லை. ஸ்மோக் மெஷின் வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருப்பது அந்த மண்டபத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒய்பிக்குப் பந்திங்கில் அடுத்த நிகழ்ச்சி. மனுவை வாங்கிக்கொண்டு, கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே கிளம்பிவிட்டார். மனைவி ஒயர்களைச் சுற்றினாள். வழக்கத்தைவிட இறுக்கமாகச் சுற்றினாள்.

வேன் முதல் சிக்னலுக்கு வந்தது. சிவப்பு விழுந்ததும் கையை நீட்டினாள்.

"எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

"எத்தன நாளா?"

"எட்டு மாசத்துக்கு மேல."

"சாமிக்கு வேண்டிக்கிட்டது?"

"சிகரெட்டுன்னுதான் சொன்னேன். இது சார்ஜ் போடுறது."

அவள் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அடுத்த வாரம் எனக்குச் செக்கப்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வக்கீல் சொன்னது, கடைக்காரர் சொன்னது, ரேடியோவில் கேட்டது எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். பச்சை விழுந்ததும் வேனை எடுத்தேன்.

"ஒய்பி பதில் சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"அவர் அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் சொல்லமாட்டாரு. என் கட்டி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

சாயங்காலம் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சன்னதிக்கு முன்னால் நிற்க வைத்து, வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். பின்னால் ஏழெட்டுப் பேர். குருக்கள் தட்டோடு நின்றார். அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"வேப்பையும் தொடமாட்டேன்."

"வேப்பையும் தொடமாட்டேன்."

"ஷீஷாவையும் தொடமாட்டேன்."

"ஷீஷா, அந்த ஹூக்காவ நான் தொட்டதே இல்லயே."

"அதுக்குத்தான். சொல்லுங்க."

சொன்னேன்.

"சார்ஜ் போட்டாலும் போடாட்டியும், வாசனை இருந்தாலும் இல்லாட்டியும், இனிமே புதுசா எது வந்தாலும்."

அதையும் சொன்னேன். அரசாங்கத்தால் எழுத முடியாத சட்டத்தை அவள் ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டாள். குருக்கள் திருநீறு எடுக்கக் கையை நீட்டினார். அப்போது என் வாய் திறந்தது. எப்படித் திறந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"நீ டிவியில சீரியல் பாக்கமாட்டேன்னுதானே வேண்டிக்கிட்ட?"

அவள் கூப்பிய கையை இன்னும் மேலே தூக்கினாள்.

எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். போனைப் பார்த்தபடி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பக்திப்பாட்டு கேட்கிறேன் என்பாள். நான் சவுண்ட் பார்க்கிறவன். இயர்போனிலிருந்து கசியும் சத்தம் எனக்குக் கேட்காதா? எந்தப் பக்திப்பாட்டிலும் மாமியார் அழமாட்டாள்.

"போன் டிவி இல்லயே" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. குருக்கள் மணியை எடுத்து, தேவையில்லாத நேரத்தில் ஒருமுறை ஆட்டினார். சிரிப்பை மறைக்கத்தான்.

"சரி, சொல்லிக் குடுங்க" என்றாள் என்னிடம். "நானும் சொல்றேன்."

"போன்லயும் பாக்கமாட்டேன்" என்றேன். அவள் சொன்னாள். "பக்கத்து வீட்டு டிவியிலயும்" என்றேன்.

"பக்கத்து வீட்டுல நான் எப்ப பாத்தேன்?"

"அதுக்குத்தான். சொல்லு."

அடுத்த வாரம் அதே மருத்துவமனை, அதே பிளாஸ்டிக் நாற்காலி. இந்தமுறை நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. விடுவதற்கு என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு கதவையே பார்த்தேன். கதவு திறந்தது. "அப்படியேதான் இருக்காம். அடுத்த வருஷம் வரச் சொன்னாங்க" என்றாள். பிறகு இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

அரசாங்கத்தில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைக்காரர் இப்போது ஒரு பக்கம் போன் உறையும் விற்கிறார். என் மனைவி தினமும் காலையில் பின்வாசலில் நின்று, பின்வீட்டிலிருக்கும் அந்த ஐஸ்கிரீம் ஆன்டியிடம் முதல் நாள் சீரியல் கதையை முழுசாகக் கேட்டுக்கொள்கிறாள். "கேக்கிறது பாக்கிறது ஆகாது" என்கிறாள்.

போன வாரம் காஜாங்கில் ஒரு கல்யாணம். பெண் மாப்பிள்ளை உள்ளே நுழையும்போது ஸ்மோக் மெஷினைத் தட்டினேன். வெள்ளையாக வந்தது. வாசனை ஒன்றும் கிடையாது. ஆனாலும் வேலைக்குத் தேவையானதைவிட ஓர் அடி கிட்டத்தில் நின்றேன்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் மனைவி, ஒயரைச் சுற்றியபடி. "புதுசா எது வந்தாலும்னு சொல்லியிருக்கீங்க."

"இது பழைய மெஷின்" என்றேன்.